எருக்கு முளைத்த வீடு

(கோலார் தங்கவயலில் பொதுமக்கள் முன் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வண்ணத்துப்பூச்சியைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று தெரிந்ததும், "தங்கவயலில் பேசுவதற்கு வேறு விஷயமே கிடைக்கவில்லையா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கத்தை மூடினார்கள். அன்றிலிருந்து இந்த ஊரில் கூட்டம் என்று ஒன்று போட்டால் பாக்கித் தொகை, குவார்ட்டர்ஸ் பட்டா, குடிதண்ணீர், வேலை என்றுதான் போட்டு வந்திருக்கிறோம். விடிவதற்கு முன்னால் மாரிகுப்பத்தில் ரயிலேறி, பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு, ராத்திரி வீடு வந்து சேருகிறவர்கள் இந்தக் கூட்டத்திலேயே எத்தனையோ பேர். அவர்களிடம் போய்த் தோட்டம் போடுங்கள், பூச்சி வளருங்கள் என்றால் எரிச்சல் வரும். ஆகவே காசும் கேட்காத, நேரமும் கேட்காத வேலை ஒன்றைத்தான் சொல்ல வந்திருக்கிறேன். ஒரு செடியைப் பிடுங்காமல் விட வேண்டும். அந்தச் செடி எருக்கு.

சிரிக்கிறீர்கள். தெரியும். "உன் வீட்டில் எருக்கு முளைக்க!" என்பது நம் பக்கத்தில் சாதாரண சாபம் இல்லை. குடும்பமே அற்றுப்போய், விளக்கேற்ற ஆளில்லாமல் போகட்டும் என்று அதற்குப் பொருள். தங்கவயல்காரர்களுக்கு அது இன்னும் கொஞ்சம் கூடுதலாக உறைக்கும். ஆள் காலி செய்துவிட்டுப் போன சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளை நாம் கண்ணால் பார்த்தவர்கள். ஓடு சரிந்து, கதவு போய், வாசற்படி இருந்த இடத்தில் எருக்கு நிற்கும். நானும் லைன் வீட்டில் வளர்ந்தவன். அந்தக் காட்சி எனக்கும் வலிக்கும். ஆனால் வீடு பாழானதற்கும் எருக்குக்கும் சம்பந்தம் இல்லை. ஊரை மூடியவர்கள் வேறு. காலியான இடத்துக்கு வந்து சேர்ந்தது மட்டுமே எருக்கு செய்தது.

இத்தனைக்கும் அதே எருக்கைத்தான் பிள்ளையார் சதுர்த்திக்கு ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில் காசு கொடுத்து மாலையாக வாங்குகிறோம். ரத சப்தமியன்று ஏழு இலையை உடம்பில் வைத்துத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்கிறோம். புறநானூற்றில் கபிலர் பாரியைப் பாடும்போது, எருக்கம்பூவைக் கொண்டுபோய் வைத்தாலும் தெய்வம் வேண்டாம் என்று சொல்லாது என்கிறார். ஆக, 2,000 வருஷமாகவே தமிழர்களுக்கு எருக்கு மட்டமான செடி. சாமிக்கு மட்டும் அது தெரியாது. வண்ணத்துப்பூச்சிக்கும் தெரியாது.

இப்போது கொஞ்சம் அமெரிக்காவுக்குப் போய் வருவோம்.

அங்கே மோனார்க் என்று ஒரு வண்ணத்துப்பூச்சி. ஆரஞ்சு நிறம், கறுப்பு நரம்பு, ஓரத்தில் வெள்ளைப் புள்ளி. கோடையில் அமெரிக்காவின் வடபகுதியிலும் கனடாவிலும் இருக்கும். குளிர் வந்தால் தெற்கே பறந்து, 4,000 கிலோமீட்டர் வரைகூடப் பயணம் செய்து, மெக்சிகோவின் மலைக் காடுகளில் போய் அடையும். போகிற பூச்சி அதற்கு முன் அந்த இடத்தைப் பார்த்ததே கிடையாது. அதன் பாட்டனுக்குப் பாட்டன்தான் அங்கிருந்து கிளம்பியது. எங்கே போகின்றன என்பதை ஃப்ரெட் உர்குவார்ட் என்ற கனடா நாட்டு விஞ்ஞானி பல பத்தாண்டுகள் தேடினார். சிறகில் சின்னச் சீட்டு ஒட்டிப் பறக்கவிட்டு, கண்டெடுத்தவர்கள் எழுதும் கடிதத்துக்காகக் காத்திருந்தார். கடைசியில் 1975 ஜனவரியில், அவருக்காகத் தேடிக்கொண்டிருந்த கென் ப்ரக்கரும் கத்தலினா அகுவாடோவும் மெக்சிகோ மலையில் அந்த மரங்களைக் கண்டுபிடித்தார்கள். கிளை தெரியாமல் பூச்சி. பூச்சியின் பாரம் தாங்காமல் வளைந்த கிளை.

அந்தக் கூட்டத்தை ஒவ்வொன்றாக எண்ண முடியாது. எத்தனை ஹெக்டேர் காட்டில் அடைந்திருக்கிறது என்று அளப்பார்கள். 1996-97 குளிர்காலத்தில் 18 ஹெக்டேர். 2013-14இல் 0.67 ஹெக்டேர். 2023-24இல் 0.9. அதற்கடுத்த வருஷம் 1.79க்கு ஏறியது, ஏறியும் பழைய கணக்கில் பத்தில் ஒரு பங்குதான். மெக்சிகோவில் மரம் வெட்டியது ஒரு காரணம், பருவநிலை ஒரு காரணம். நமக்குப் பாடமாக இருக்கிற காரணம் மூன்றாவது. மோனார்க்கின் புழு ஒரே குடும்பத்துச் செடிகளைத்தான் தின்னும். கிள்ளினால் பால் வடிகிற மில்க்வீட் செடிகள். நம் எருக்குக்குச் சொந்தக்காரச் செடிகள். அமெரிக்காவின் நடுப்பகுதியில் மக்காச்சோளக் கொல்லையிலும் சோயாக் கொல்லையிலும் அது களையாக முளைத்துக் கிடந்தது. 1990களின் பிற்பாதியில் களைக்கொல்லியைத் தாங்கும் மரபணு மாற்றுப் பயிர்கள் வந்தன. மருந்தைத் தாராளமாக அடிக்கலாம் என்றானது. பயிர் நின்றது, களை ஒழிந்தது, பூச்சியின் வயிற்றில் மண் விழுந்தது.

யாரும் மோனார்க்கை வேட்டையாடவில்லை. யாருக்கும் அதன் மேல் பகை இல்லை. உதவாத செடி என்று ஒன்றைப் பெருக்கித் தள்ளினார்கள், அவ்வளவே. இப்போது வீட்டுக்கு வீடு, பள்ளிக்குப் பள்ளி, சாலையோரம் எல்லாம் மில்க்வீட் நடச் சொல்லி ஊர் ஊராகப் பிரசாரம் செய்கிறார்கள்.

மோனார்க் நம் நாட்டுப் பூச்சி இல்லை. ஆனால் அதன் பங்காளி இருக்கிறது, இந்த மண்டபத்துக்கு வெளியிலேயே. தமிழில் வெந்தய வரியன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சிறகு பழுப்பு கலந்த ஆரஞ்சு, நுனியில் கறுப்பு, அதில் வெள்ளைப் பட்டை. எகிப்தில் நெபாமுன் என்பவருடைய கல்லறைச் சுவரில், இன்றைக்கு 3,300 வருஷத்துக்கு முன்னால், நாணல் காட்டுக்கு மேல் பறக்கிறமாதிரி இதையே வரைந்து வைத்திருக்கிறார்கள். அந்தச் சுவரோவியம் இப்போது லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இங்கிலீஷ்காரன் நம்மூர்த் தங்கத்தோடு நிறுத்தவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளே, நாளைக்குப் பள்ளிக்கூடம் போகிற வழியில் ஒரு எருக்கைப் பாருங்கள். இளம் இலையின் அடிப்பக்கத்தைத் திருப்புங்கள். கடுகைவிடச் சின்னதாக, வெள்ளையாக, ஒற்றை முட்டை ஒட்டியிருக்கும். தாய் கூட்டமாக இடாது. இலைக்கு ஒன்று இட்டுவிட்டு நகர்ந்துவிடும். சில நாளில் புழு வரும். முதலில் முட்டை ஓட்டைத் தின்னும், பிறகு இலை. வளர வளர உடம்பு முழுக்கக் கறுப்பும் வெள்ளையுமாகக் கோடு, நடுவில் மஞ்சள் பொட்டு, முதுகில் மூன்று ஜோடி கறுப்புக் கொம்பு. கொம்பைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது குத்தாது.

எருக்கம்பால் எப்படி ஒட்டும் என்று உங்களுக்கே தெரியும். சின்னப் புழுவின் வாயில் பட்டால் வாயே ஒட்டிக்கொள்ளும். அதற்குப் புழுவிடம் வித்தை இருக்கிறது. தின்னப்போகிற இடத்துக்கு மேற்புறம் நரம்பை முதலில் கடித்துவிடும். பால் அங்கேயே வடிந்து போகும். பால் வராத பாகத்தில் உட்கார்ந்து நிதானமாகத் தின்னும். தண்ணீர்க் குழாயில் வேலை செய்கிறவர் மெயின் வால்வை அடைத்துவிட்டுப் பைப்பைக் கழற்றுகிற மாதிரி. இந்த வித்தையை அதற்கு யாரும் கற்றுத்தரவில்லை. தாயை அது பார்த்ததேயில்லை.

அந்தப் பாலில் இருக்கிற விஷம் இதயத்தைத் தாக்கக்கூடியது. புழு அதை வெளியே தள்ளிவிடாமல் உடம்பிலேயே சேர்த்துவைக்கிறது. புழு கூட்டுப்புழுவாகி, பூச்சியாகிப் பறக்கும்போதும் விஷம் கூடவே போகும். மோனார்க்கைத் தின்ற நீல ஜே பறவை சற்று நேரத்தில் வாந்தியெடுத்து, அதன் பிறகு அந்த நிறத்தைக் கண்டாலே ஒதுங்கிப்போனதை லிங்கன் ப்ரவர் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1960களில் சோதித்துக் காட்டினார். அதனால்தான் வெந்தய வரியன் அவசரமே இல்லாமல் பறக்கிறது. நம்மை எவன் தொடுவான் என்கிற நடை. இந்த மரியாதையைப் பார்த்து வேறோர் இனத்தின் பெண் பூச்சி இதைப்போலவே வேஷம் கட்டிக்கொண்டு திரிகிறது. அதற்கு விஷமும் கிடையாது, ஒன்றும் கிடையாது. வேஷம் போட்டே பிழைக்கிறது. ஆண் பூச்சியோ கறுப்பில் வெள்ளை வட்டம்; ஜோடி என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

முட்டையிலிருந்து சிறகு வரைக்கும் சுமார் ஒரு மாதம். கூடு பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ தொங்கும். அதில் கறுப்பும் பொன்னுமாக ஒரு பட்டை, அங்கங்கே பொன் புள்ளி. 120 வருஷம் பாறையை உடைத்து, 3 கிலோமீட்டர் ஆழம் வரைக்கும் இறங்கி, எத்தனையோ உயிரைக் கொடுத்து நம் முன்னோர் எடுத்த தங்கம் ஊரைவிட்டே போய்விட்டது. இந்தப் பொன் வேலியோரம் தொங்குகிறது, பார்க்க மாத்திரம்.

"நம்ம ஊரில்தான் எருக்கு ஏராளமாகக் கிடக்கிறதே, வெந்தய வரியனும் எங்கும் பறக்கிறதே, இதைக் காப்பாற்ற என்ன இருக்கிறது?" என்று கேட்கலாம். உண்மை. ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் மிகச் சாதாரணமான வண்ணத்துப்பூச்சிகளில் அது ஒன்று. அழிவின் விளிம்பில் நிற்கிறது என்று பொய் சொல்லி உங்களைப் பயமுறுத்த மாட்டேன். ஆனால் மோனார்க்கும் சாதாரணமான பூச்சியாகத்தான் இருந்தது. கோடிக்கணக்கில் இருந்தபோது அதற்காக ஒரு கூட்டம்கூட யாரும் போடவில்லை. சாதாரணமாக இருக்கும்போது கவனிப்பது மலிவு. அரிதான பிறகு கவனிப்பதற்குக் கோடிக்கணக்கில் செலவாகிறது, அப்போதும் பலன் நிச்சயமில்லை.

சொந்த மண்ணின் செடிதான் வேண்டும் என்பதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். அதற்கும் அமெரிக்காவிலேயே ஒரு கதை நடந்தது. மோனார்க்குக்கு உதவ வேண்டும் என்று ஆசைப்பட்டவர்கள் நர்சரியில் எளிதாகக் கிடைத்த வெப்பமண்டல மில்க்வீடை வாங்கி நட்டார்கள். சிவப்பும் மஞ்சளுமாக அழகான பூ. ஃப்ளோரிடா, டெக்சாஸ் கடற்கரைப் பக்கம் அது குளிர்காலத்திலும் பட்டுப்போவதில்லை. உள்ளூர்ச் செடிகள் பருவம் முடிந்ததும் பட்டுப்போகும். இலையில் ஒட்டியிருக்கும் நோய்க்கிருமியும் அதோடு போகும். இந்தச் செடி வருஷம் முழுக்கப் பச்சையாக நின்றதால் கிருமியும் வருஷம் முழுக்க நின்றது. சாப்பாடு இங்கேயே கிடைக்கிறதே என்று சில பூச்சிகள் மெக்சிகோ பயணத்தையும் விட்டுவிட்டன. நல்லெண்ணம் மட்டும் போதாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. அதே சிவப்பு மஞ்சள் பூச்செடியை நம் பக்கத்து நர்சரிகளிலும் வண்ணத்துப்பூச்சிச் செடி என்று சொல்லி விற்கிறார்கள். நம் வரியனும் அதைத் தின்னும். இருந்தாலும் எருக்கு இலவசமாக நிற்கிற ஊரில் காசு கொடுத்து அதை வாங்குவது வீண் வேலை என்பது என் கட்சி.

எருக்கு மட்டும்தானா என்றால், இல்லை. வேலிப்பருத்தி இருக்கிறது, உத்தாமணி என்று பாட்டிமார் சொல்லுவார்கள், பிள்ளைக்கு மாந்தம் என்றால் தேடிப்போவார்கள். அதுவும் பால் வடிகிற கொடி, வெந்தய வரியனுக்கு உணவு. பெருங்குறிஞ்சான், கொடிப்பாலை என்று சொல்லும் கொடி நீல வரியனுக்கு. வாசலில் செவ்வரளி வைத்திருக்கிறவர்கள் தெரியாமலே வெண்புள்ளிக் கருப்பனுக்குச் சோறு போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அரளி இலையின் அடியில் அதன் கூடு தொங்குவதைப் பார்த்திருக்கிறீர்களா? வெள்ளித் தகடு. குனிந்து பார்த்தால் உங்கள் முகம் தெரியும், பின்னால் தெருவும் தெரியும்.

நீல வரியனும் வெண்புள்ளிக் கருப்பனும் ஊர் விட்டு ஊர் போகிற பூச்சிகள். தென்மேற்குப் பருவமழை தொடங்குவதற்கு முன் மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டுக் கிழக்கே சமவெளிக்கு வரும். வடகிழக்கு மழைக்காலத்தில், அக்டோபர் நவம்பரில், கிழக்கு மலைகளிலிருந்து கூட்டம் கூட்டமாக மேற்கே திரும்பும். மோனார்க் போகிற தூரம் இல்லைதான். ஆனாலும் ஆயிரக்கணக்கில் ஒரே திசையில் போவதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். கோலார் மேட்டுநிலம் அந்த இரண்டு மலைகளுக்கும் நடுவில் இருக்கிறது. வழியில் இறங்குகிற ஆண் பூச்சிகள் கிலுகிலுப்பைச் செடியையும் தேள்கொடுக்கையும் தேடும். காய்ந்து ஒடிந்த தண்டில் பத்து இருபது மொய்த்துக்கொண்டு சாற்றை உறிஞ்சும். பசிக்காக இல்லை. பெண் பூச்சியைக் கவரும் வாசனையைத் தயாரிக்க அந்தச் சாற்றில்தான் சரக்கு இருக்கிறது. கல்யாண வயதில் சென்ட் வாங்க வந்த பையன்கள் என்று விட்டுவிடுங்கள்.

எருக்கில் வேறு ஆட்களும் குடியிருக்கிறார்கள். மஞ்சளும் நீலமுமாக ஒரு வெட்டுக்கிளி. 2020 மே மாதம் வட இந்தியாவில் பாலைவன வெட்டுக்கிளிப் படையெடுப்பு நடந்த சமயம், இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற கிருஷ்ணகிரி மாவட்டம் நேரலகிரியில் எருக்கஞ்செடியில் வெட்டுக்கிளி மொய்த்திருப்பதைப் பார்த்து ஊரே பதறியது. அதிகாரிகள் வந்து பார்த்து, இது பாலைவனத்து ஆள் இல்லை, உள்ளூர் எருக்கு வெட்டுக்கிளி என்று சொன்னார்கள். தலைமுறை தலைமுறையாக நம் வேலியிலேயே இருந்த பூச்சியை நாம் ஒரு நாளும் பார்த்ததில்லை. பயம் வந்த பிறகுதான் பார்த்தோம்.

எப்படி வைப்பது? எருக்கை வேரோடு பிடுங்கி வந்து நட்டால் பிடிக்காது. ஆணிவேர் ஆழமாகப் போகிற செடி. கோடையில் காய் வெடித்துப் பஞ்சோடு விதை பறக்கும். அதில் நாலு விதையை மண்ணில் போட்டு மேலாக மூடினால் போதும். முற்றிய கிளையை வெட்டி நட்டாலும் துளிர்க்கும். இடமில்லாதவர்கள் பெயிண்ட் டப்பாவில் வைத்து, வளர வளரக் கிள்ளிவிடலாம். தங்கம் பிரித்தெடுத்த கழிவு குவிந்து கிடக்கிற சயனைடு மேட்டு மண்ணை மாத்திரம் கொண்டுவந்து தொட்டியில் கொட்டாதீர்கள். காற்றுக் காலத்தில் அது தானாக வீட்டுக்குள் வருவதே போதும்.

எருக்கம்பால் கண்ணில் படவே கூடாது. கருவிழி வெந்து பார்வை மங்கும். கிள்ளிய கையோடு கண்ணைக் கசக்கினால் உடனே நிறையத் தண்ணீரில் கழுவிவிட்டு டாக்டரிடம் ஓடுங்கள். கைக்குழந்தை தவழ்கிற வாசலில் வைக்க வேண்டாம், வீட்டுக்குப் பின்னால் வேலியோரம் வையுங்கள். அரளிக்கும் இதே எச்சரிக்கை; அதன் எந்தப் பாகத்தையும் வாயில் வைக்கக் கூடாது.

புழு இலையைத் தின்று ஓட்டை போடும். அதற்காகத்தான் வைத்தோம். மருந்து அடிக்காதீர்கள். பக்கத்துச் செடிக்கு அடிக்கிற மருந்தும் காற்றில் வந்து கொல்லும். இலையில்லாமல் மொட்டையாகிப் போனாலும் எருக்கு திரும்பத் துளிர்க்கும். புழுவைப் பிடித்து டப்பாவில் அடைத்து வளர்க்கிற ஆசை பிள்ளைகளுக்கு வரும். ஒன்று வைத்துப் பாருங்கள், கூட்டமாக வேண்டாம், நோய் பரவும். பூச்சிக்குத் தேன் வேண்டும் என்று தனியாகத் தோட்டம் போட வேண்டியதில்லை. துளசியும் இட்லிப்பூவும் தரையில் கிடக்கும் வெட்டுக்காயப் பூண்டும் போதும்.

ஊருக்குள் எங்கும் எருக்கு நிற்கும்போது வீட்டில் எதற்கு என்று இன்னும் யோசிக்கிறவர்களுக்கு ஒரு செய்தி. 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை நம் சயனைடு மேடுகளில் மறுபடி தங்கம் எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. மேடுகள் 13. பரப்பு 1,000 ஏக்கருக்கு மேல். குவிந்து கிடப்பது 3 கோடி டன்னுக்கு மேல். வேலை வரும் என்றால் நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். இந்த ஊரில் அப்படிச் சொல்ல எவனுக்கும் மனசு வராது. தூசி ஒழிந்தால் அதுவும் நல்லதே. ஆனால் மேடு போனால் மேட்டைச் சுற்றிய புதரும் போகும். காலி மனைகளில் ஜேசிபி வந்தால் முதலில் போகிறது எருக்கு. "சுத்தம் செய்தாச்சு" என்றுதான் அதைச் சொல்லுவார்கள். அமெரிக்காவிலும் கொல்லையைச் சுத்தம்தான் செய்தார்கள்.

பொது இடத்தில் நிற்கிற செடிக்கு யாரும் பொறுப்பு இல்லை. உங்கள் வேலிக்குள் நிற்கிற செடிக்கு நீங்கள் பொறுப்பு. ஒரு லைனில் பத்து வீட்டுக்கு ஒரு வீடு, பின்புறம் ஒரு எருக்கும் வேலியில் ஒரு உத்தாமணிக் கொடியும் விட்டுவைத்தால், வெந்தய வரியனுக்கு ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தங்கிப்போக இடம் கிடைத்துவிடும்.

விதை வேண்டும் என்று யாரும் என்னிடம் கேட்டு வரவேண்டாம். வருகிற கோடையில் ரயில் பாதை ஓரம் போய்ப் பாருங்கள், காய் வெடித்துத் தயாராக இருக்கும். ஆளுக்கு ஒரு காய் எடுத்து வாருங்கள், முதல் மழைக்குப் போட்டுவிடுங்கள்.